வடிநீரும் குளிர்பதனமும்: நீர்மட்டக் கண்காணிப்பின் வரலாறு

குளிர்பதன எந்திரம் எதுவாயினும் அது இரண்டு பொருள்களைத் தருகிறது. ஒன்று, கடைக்காரர் விலை கொடுத்துப் பெற விரும்பும் குளிர். மற்றொன்று, யாரும் கேளாமலே வந்து சேரும் நீர். இறைச்சிக் கடையின் குளிர் அறை, பால் பொருள் விற்கும் கண்ணாடிப் பெட்டி, பேரங்காடியின் திறந்த குளிர் அடுக்கு ஆகிய அனைத்திலும், காற்றோடு கலந்து உள்ளே நுழையும் நீராவி குளிர்ந்த உலோகச் சுருளில் படிந்து, துளியாகித் திரண்டு, கீழேயுள்ள தட்டில் வடிகிறது. இந்த வடிநீர் தட்டில் எவ்வளவு நிற்கிறது, எப்போது வழியும், வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்பவற்றைக் கவனிக்கும் வேலை பார்வைக்கு மிகச் சிறியது. குளிர்பதன வரலாற்று நூல்கள் அதற்கு ஒரு பத்தி ஒதுக்குவதும் அரிது. ஆயினும் இருநூறு ஆண்டுக் குளிர்பதன வரலாற்றை அந்தத் தட்டின் பக்கமிருந்து நோக்கினால், எந்திரத்தின் நலத்தை முதலில் அறிவித்தது பெரும்பாலும் நீரே என்பதும், நீரைக் கண்காணிக்கும் முறை மாறியபோதெல்லாம் குளிர்பதனத் தொழிலின் அமைப்பும் உடன் மாறியிருக்கிறது என்பதும் தெளிவாகும்.

இந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதே பதினெட்டாம் நூற்றாண்டு வரை தெளிவாக விளங்காத செய்தியாக இருந்தது. பிரான்சைச் சேர்ந்த சார்ல் லெ ருவா, 1751இல், கண்ணாடிக் குவளையிலுள்ள நீரைச் சிறிது சிறிதாகக் குளிர்வித்து, எந்த வெப்பநிலையில் குவளையின் வெளிப்புறம் வியர்க்கத் தொடங்குகிறது என்று குறித்தார். அந்த வெப்பநிலையே இன்று பனிநிலை எனப்படுகிறது. லண்டனில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் பனித்துளி பற்றி எழுதிய நூலில், பனி வானிலிருந்து மழைபோல் விழுவதில்லை என்றும், தன் வெப்பத்தை இழந்து குளிர்ந்த பரப்பின்மீது அருகிலுள்ள காற்றின் ஈரமே படிகிறது என்றும் நிறுவினார். 1820இல் ஜான் பிரெடெரிக் டேனியல் பனிநிலையை நேரடியாக அளக்கும் கருவியொன்றை அமைத்தார். இம்மூவரும் குளிர்பதனத்தை மனத்தில் கொண்டு ஆராய்ந்தவர்கள் அல்லர்; எனினும் பின்னாளில் குளிர்பெட்டியின் அடித்தட்டில் எவ்வளவு நீர் சேரும் என்று கணக்கிட உதவியது அவர்கள் கண்ட விதியே.

அக்கணக்கு எளிமையானது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில், அதாவது சென்னையில் சாதாரணமாகக் காணப்படும் காற்றில், ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். அதே இடத்தை நிரப்பும் காற்று 4 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதனால் 6 கிராமுக்குச் சற்று மேல்தான் ஏந்த முடியும். எஞ்சிய 15 கிராம் அளவு நீர் சுருளில் படிந்தே தீரும். கதவு திறந்து மூடும்போதும் காற்றுத் திரை கலையும்போதும் ஒரு நாளில் ஆயிரம் கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே நுழைந்தால், ஏறத்தாழ 15 லிட்டர் நீர் தட்டுக்கு வரும். உறைநிலைப் பெட்டியில் இந்த அளவு இன்னும் கூடும். ஏனெனில் சுழிக்குக் கீழே 18 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏந்தும் ஈரம் ஒரு கிராமையே ஒட்டியிருக்கும். கடலோர ஊர்களின் குளிர்பெட்டிகள் உலர்ந்த ஊர்களின் பெட்டிகளைவிட மிகுதியாக நீர் வடிப்பதற்குக் காரணம் இதுவே.

எந்திரக் குளிர்பதனம் பிறப்பதற்கு முன்பே, இயற்கைப் பனிக்கட்டி வணிகம் நீரைக் கண்காணிக்கும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தது. பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர், 1806இல் மார்த்தினிக் தீவுக்குப் பனிக்கட்டி ஏற்றிய கப்பலை அனுப்பினார். 1833இல் அவருடைய முயற்சியால் டஸ்கனி என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டு, நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின் ஏறத்தாழ 100 டன்னுடன் வந்து சேர்ந்தது. எஞ்சிய பனிக்கட்டியை வியந்து பேசுவோர் கரைந்துபோன 80 டன்னை மறந்துவிடுகின்றனர். அது முழுவதும் கப்பலின் அடித்தளத்தில் நீராகத் தேங்கி வெளியேற்றப்பட வேண்டியிருந்தது. தேங்கிய நீர் பனிக்கட்டியைத் தொட்டால் உருகல் விரைவுபடும், பனிக்கட்டியைச் சுற்றி இட்ட மரத்தூள் நனைந்தால் வெப்பத்தைத் தடுக்கும் அதன் ஆற்றல் குறையும். ஆகவே உருகுநீரை அகற்றுவது எஞ்சிய சரக்கைக் காக்கும் வழியாகவும் இருந்தது.

டியூடரின் நிறுவனம் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பனிக்கட்டிக் கிடங்குகளை நடத்தியது. சென்னையில் 1842ஐ ஒட்டி எழுந்த கிடங்கு, இன்று கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது. சுற்றுப்புறம் இன்றும் ஐஸ்ஹவுஸ் என்றே வழங்குகிறது. அக்காலப் பனிக்கட்டிக் கிடங்குகளைக் கட்டுவோர் பொதுவாகக் கைக்கொண்ட நெறிகளில் முதன்மையானது, தரையைச் சாய்வாக அமைத்து உருகுநீர் நிற்காமல் ஓடச் செய்வது. நீர் வெளியேறும் வாய் வழியாக வெப்பக் காற்று உள்ளே புகாதபடி வடிகாலில் எப்போதும் சிறிது நீர் நிற்கும் வளைவு ஒன்றையும் ஐரோப்பியக் கிடங்குகளில் அமைத்தனர். இன்றைய குளிர் அறையின் வடிகுழாயில் காணப்படும் நீர்ப்பூட்டு, அதாவது நீர் நின்று காற்றைத் தடுக்கும் வளைகுழாய், அதே கருத்தின் தொடர்ச்சியாகும்.

பெட்டி வடிவக் குளிர்பதனத்தின் தொடக்கத்தை மேரிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மூர் என்பவரின் பெயரோடு இணைப்பது வழக்கம். வெண்ணெயைக் கெடாமல் சந்தைக்குக் கொண்டுசெல்ல, மரத் தொட்டிக்குள் உலோகப் பாத்திரமும் பனிக்கட்டியும் வைத்து அவர் அமைத்த பெட்டிக்கு 1803இல் காப்புரிமை கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளிலும் கடைகளிலும் பரவிய ஐஸ் பெட்டி, மேலறையில் பனிக்கட்டியும் கீழறையில் உணவும் அடியில் உருகுநீர்த் தட்டும் கொண்டிருந்தது. தட்டை நாள்தோறும் வெளியே இழுத்து நீரைக் கொட்ட வேண்டும். மறந்தால் தரை நனையும், மரம் உளுத்துப்போகும். சிலர் தரைப்பலகையில் துளையிட்டுக் குழாய் வைத்து நீரை நிலவறைக்கோ வெளிமுற்றத்துக்கோ விட்டனர்.

இந்தத் தட்டு அன்றே ஓர் அளவுகோலாகவும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை உள்ளிழுக்கிறது. வெப்பநிலை மாறாமல் நிலைமாற்றத்துக்கு மட்டும் செலவாகும் இவ்வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் இதை விளக்கியவர் ஜோசப் பிளாக். பனிக்கட்டி குளிர் தருவது உருகுவதனால்தான் என்பதை அறியாத இல்லத்தார், அதை நீண்ட நாள் வைத்திருக்கும் நோக்கில் கம்பளியிலோ தாளிலோ சுற்றி வைத்தனர். தட்டில் நீர் குறைந்தது, ஆனால் உணவு கெட்டது. தட்டிலுள்ள நீரின் அளவே பெட்டி செய்த வேலையின் அளவு என்னும் உண்மை, எந்திரங்கள் வருவதற்கு முன்பே இவ்வாறு வெளிப்பட்டது.

நீரைக் கவனியாமல் விட்டதன் விளைவு தொழில் முழுவதையும் தொட்ட இடம் அமெரிக்க இருப்புப்பாதை. 1870களின் இறுதியிலிருந்து இறைச்சியைப் பனிக்கட்டிப் பெட்டிகள் கொண்ட வண்டிகளில் தொலைநகரங்களுக்கு அனுப்பும் வணிகம் பெருகியது. வெப்பநிலையை மேலும் தாழ்த்தப் பனிக்கட்டியோடு உப்பைச் சேர்த்தனர். உருகிய உவர்நீர் ஓடும் வண்டியிலிருந்து சொட்டிச் சொட்டித் தண்டவாளங்களையும் பாலங்களின் இரும்புச் சட்டங்களையும் அரித்தது. ஆகவே உவர்நீரைத் தொட்டியிலேயே தேக்கிவைத்து, பனிக்கட்டி நிரப்பும் நிலையங்களில் மட்டும் திறந்துவிடும் அடைப்பிதழ்கள் பொருத்தப்பட்டன. நீர் தானாக ஓடிப்போகட்டும் என்ற பழைய ஏற்பாடு மாறி, எவ்வளவு நேரம் தேக்கலாம், எங்கே திறக்கலாம், யார் திறக்க வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே உருவாயிற்று. தொட்டி நிறைந்து வழியாமலும், நிலையத்தில் திறக்க மறவாமலும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பணியாளர் கடமையாயிற்று.

இதற்கிடையே குளிரை எந்திரத்தால் உண்டாக்கும் முயற்சி வளர்ந்தது. ஜேக்கப் பெர்கின்ஸ் 1834இல் ஆவி அமுக்க முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் 1850களில் அதை வணிக எந்திரமாக்கினார். ஜெர்மனியின் கார்ல் லிண்டே 1870களில் அம்மோனியா அமுக்கி எந்திரத்தை மது ஆலைகளுக்கு அளித்தார். சென்னையிலும் 1874இல் எந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் நிறுவனம் தொடங்கியபின், கடல் கடந்து வந்த பனிக்கட்டிக்குத் தேவை குன்றியது. இந்த மாற்றத்தால் நீரின் தன்மையும் மாறிற்று. உருகுநீர் வைத்த பனிக்கட்டியின் அளவுக்கு மேல் வராது. சுருளில் படியும் வடிநீருக்கோ காற்றின் ஈரமே ஊற்று, ஆதலால் அதன் அளவு பருவம், கதவின் பயன்பாடு, கூட்டம் ஆகியவற்றைப் பொறுத்து நாள்தோறும் வேறுபடும். இவ்வளவுதான் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நீரைக் கண்காணிக்க வேண்டிய நிலை அப்போதுதான் பிறந்தது.

அளவை முன்னறியும் வழியை வில்லிஸ் கேரியர் காட்டினார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரம் மாறுவதால் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமற் போயின. அதைத் தீர்க்க 1902இல் அவர் வரைந்த அமைப்பு, குளிர்ந்த சுருளில் காற்றை மோதச் செய்து நீரைப் பிரித்தெடுத்தது. குளிர்பெட்டிக்காரருக்கு வேண்டாத விளைவாக இருந்த வடிநீர், அங்கே விரும்பிப் பெறும் விளைவாயிற்று. 1911இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் கேரியர் வைத்த ஈரக்காற்றுச் சூத்திரங்கள், வெப்பநிலையும் ஈரப்பதமும் தெரிந்தால் சுருளில் எவ்வளவு நீர் படியும் என்று வரைபடத்திலேயே படித்தறிய வழி செய்தன. தட்டின் ஆழத்தையும் வடிகுழாயின் விட்டத்தையும் ஊகத்தால் அன்றிக் கணக்கால் முடிவு செய்யும் காலம் அங்கிருந்து தொடங்குகிறது.

1916இல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய பிக்லி விக்லி கடையில், வாங்குவோரே பொருளை எடுத்துக்கொள்ளும் முறை வேரூன்றியது. 1930இல் மைக்கேல் கல்லன் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பேரங்காடியைத் திறந்தார். அதே ஆண்டு மார்ச் மாதம் மாசசூசெட்சின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 18 கடைகளில் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ வகுத்த முறையில் உறையவைத்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. இம்மூன்றின் கூட்டு விளைவாக, பணியாளர் மட்டும் திறந்துவந்த மூடிய குளிர் அறையின் இடத்தைப் பொதுமக்கள் கைநீட்டி எடுக்கும் காட்சிப்பெட்டி படிப்படியாகப் பிடித்தது. உள்ளே நுழையும் காற்று பெருகியது. வடியும் நீரும் உடன் பெருகியது. அந்நீர் வழிந்தால் நனையும் தரை இப்போது வாடிக்கையாளர் நடக்கும் தரையாயிற்று.

உறைநிலைப் பெட்டியில் மற்றொரு சிக்கலும் உண்டு. அங்கே நீராவி துளியாகாமல் நேரே உறைபனியாகிச் சுருளின் தகடுகளுக்கிடையே அடைந்து, காற்றோட்டத்தையும் வெப்பப் பரிமாற்றத்தையும் தடுக்கிறது. ஆதலால் குறித்த கால இடைவெளியில் குளிர்விப்பதை நிறுத்தியோ, மின்சூடேற்றியால் சூடாக்கியோ, அமுக்கியிலிருந்து வரும் சூடான வாயுவைச் சுருளுக்குள் திருப்பியோ உறைபனியை உருக்குகின்றனர். இதற்கு உறைபனி நீக்கம் என்று பெயர். பல மணி நேரம் சேர்ந்த ஈரம் சில நிமிடங்களில் நீராகப் பெருக்கெடுப்பதால், சராசரி அளவுக்கு அமைத்த தட்டு அந்த வேளையில் போதாமற் போகலாம். உறைகுளிரில் செல்லும் வடிகுழாயே உறைந்து அடைபடவும் கூடும் என்பதால் அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி ஓட்டப்படுகிறது. நீர்மட்டத்தை எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதும் என்ற நிலை இங்கே முடிவுக்கு வந்தது.

வடிநீரை அகற்ற இரண்டு வழிகள் நிலைபெற்றன. எந்திரப் பகுதி வேறிடத்தில் அமைந்த பெரிய பெட்டிகளில், தரையடி வடிகாலுக்குக் குழாய் வைத்து, கழிவுநீர் பின்னேறி உணவுப் பெட்டிக்குள் வராதபடி குழாய் முனைக்கும் வடிகாலுக்கும் இடையே இடைவெளி விடப்பட்டது. மின்சாரத்தில் செருகினால் இயங்கும் தனிப்பெட்டிகளில், அடித்தட்டில் சேரும் நீரை அங்கேயே ஆவியாக்கிவிடும் முறை பின்பற்றப்பட்டது. இதற்கு எந்திரம் வெளிவிடும் கழிவு வெப்பம் பெரிதும் உதவியது. போதாத இடத்தில் மின்சூடேற்றி சேர்க்கப்பட்டது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரம் வேண்டும். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வடிக்கும் பெட்டி முழுவதும் மின்சூட்டையே நம்பினால் ஏழு யூனிட்டுக்கு மேல் செலவாகும். நீர் இல்லாதபோதும் சூடேற்றி எரிந்தால் செலவு வீணாவதோடு தட்டும் கருகும். எனவே நீர் குறித்த மட்டத்தை எட்டியபோது மட்டும் சூடேற்றியை இயக்கும் சாதனம் தேவைப்பட்டது; மிதவை சுவிட்ச் இப்பெட்டிகளுக்குள் வந்தது இக்காரணத்தால்தான்.

மிதவையைக் கொண்டு நீர்மட்டத்தை ஆளும் கலை மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் டெசிபியஸ் தம் நீர்க்கடிகாரத்தில் மிதவையைப் பயன்படுத்தியதாக அறிகிறோம். 1765இல் ரஷ்யாவின் இவான் போல்சுனோவ் நீராவிக் கொதிகலனின் மட்டத்தை மிதவையால் ஒழுங்குபடுத்தினார். குளிர்பெட்டியின் ஆழமற்ற தட்டுக்கு உகந்த சிறிய வடிவம் கிடைக்க இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு ஒன்று உதவிற்று. பெல் தொலைபேசி ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் 1936இல், கண்ணாடிக் குழலுக்குள் காற்றுப் புகாமல் அடைத்த இரு மெல்லிய இரும்புத் தகடுகள் காந்தம் நெருங்கும்போது ஒன்றையொன்று தொடும் சுவிட்சை உருவாக்கினார். மிதவைக்குள் காந்தத்தையும் நடுத்தண்டுக்குள் இக்குழலையும் வைத்தால், நீர் உயரும்போது மின்சுற்று மூடும் அல்லது திறக்கும். நீரோ தூசியோ தொடுமுனையை எட்டாது. ஒரே தட்டில் இரு மட்டங்களைக் கண்காணிப்பது பின்னர் வழக்கமாயிற்று: கீழ்மட்டம் சூடேற்றியையோ சிறு பம்பையோ இயக்கும், அதையும் மீறி நீர் ஏறினால் மேல்மட்டம் எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யும் அல்லது அமுக்கியையே நிறுத்தும். அமுக்கி நின்றால் புதிய நீர் வடிவதும் குறையும் என்பதே அந்த இரண்டாம் காப்பின் அடிப்படை.

மிதவைக்கு மாற்றாக இரு உலோக முனைகளுக்கிடையே மின்னோட்டம் பாய்வதைக் கொண்டு நீரை அறியும் முறையும் வந்தது. வடிநீர் காய்ச்சி வடித்த நீரைப்போல் உப்புக் குறைந்தது, எனவே மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் இவ்வகை உணரிகள் நுண்மையாக அமைய வேண்டியிருந்தன. எந்த முறையாயினும் அதன் பொதுப்பகை வழுவழுப்பான பாசிப்படலமே. தூசி, உணவுத் துகள், நுண்ணுயிர் ஆகியவை சேர்ந்து மிதவையைத் தண்டோடு ஒட்டவைத்துவிடும். அவ்வாறு ஒட்டிய மிதவை தட்டு நிறைந்து வழியும் வேளையிலும் குறையேதும் இல்லை என்றே அறிவிக்கும்.

நிறைந்து வழிதல் கட்டடத்துக்குச் சேதம் விளைவிக்கும் என்ற அனுபவம் கடைசியில் விதியாயிற்று. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டு எந்திரவியல் விதித்தொகுப்பு, நீர் வழிந்தால் கட்டடம் கெடக்கூடிய இடத்தில் துணைத்தட்டோ, இரண்டாம் வடிகுழாயோ, மட்டம் உயர்ந்தவுடன் எந்திரத்தை நிறுத்தும் நீர்மட்ட உணரியோ வேண்டும் என்கிறது. துணைத்தட்டு குறைந்தது ஒன்றரை அங்குல ஆழமும், வடிகுழாய் முக்கால் அங்குல விட்டமும், அடிக்கு எட்டில் ஓர் அங்குலச் சாய்வும் கொண்டிருக்க வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது.

நலவாழ்வுத் துறையும் தேங்கிய நீரை நோக்கித் திரும்பியது. 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர் மாநாட்டை ஒட்டி 221 பேர் நோயுற்று 34 பேர் இறந்தனர். 1977 ஜனவரியில் ஆய்வாளர் ஜோசப் மெக்டேட் நோய்க்காரணியான நுண்ணுயிரை அடையாளம் கண்டார். அந்நோய் குளிர்பெட்டித் தட்டிலிருந்து வந்ததன்று. ஆயினும் கட்டடங்களின் குளிர்விப்பு அமைப்புகளில் நிற்கும் நீர் உயிர்களை வளர்க்கும் இடம் என்பதை அந்நிகழ்வுக்குப் பின் பொறியாளர்கள் புறக்கணிக்கவில்லை. உணவுத் தொழிலில் அச்சம் வேறொரு நுண்ணுயிரைப் பற்றியது. லிஸ்டீரியா என்னும் அவ்வுயிர், ஏனைய பல கிருமிகள் அடங்கிக் கிடக்கும் 4 டிகிரிக் குளிரிலும் பெருகுவது. ஈரமான வடிகால்களிலும் தட்டுகளிலும் குடிகொள்வது. ஆகவே வடிநீர் உணவின்மேல் சொட்டாமலும் தட்டில் நிற்காமலும் காப்பது தூய்மை விதிகளின் பகுதியாயிற்று.

அண்மைக் காலத்தில் குளிர்பொருள்களின் மாற்றமும் இவ்வரலாற்றைத் தொட்டிருக்கிறது. குளிர்பொருள் என்பது குழாய்களுக்குள் சுழன்று வெப்பத்தைச் சுமந்துசெல்லும் பொருள். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியல் உடன்பாடும், புவி வெப்பத்தைக் குறைக்க 2016இல் அதன் கிகாலித் திருத்தமும் வந்தபின், புரோப்பேன் வாயு போன்ற இயற்கைக் குளிர்பொருள்கள் கடைப் பெட்டிகளில் இடம்பெற்றன. வணிகப் பெட்டிகளில் எரியக்கூடிய இவ்வாயுவின் அளவு 150 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றிருந்த பன்னாட்டுத் தரவரம்பு 2019இல் 500 கிராமாக உயர்ந்தது. சிறு அளவு வாயுவோடு தனித்தியங்கும் பெட்டிகள் பெருகுவதால், பொது வடிகாலோடு இணையாத தட்டுகளும் பெருகுகின்றன. எரியும் வாயு உள்ள இடத்தில் மட்ட உணரியின் தொடுமுனை பொறி தெறிக்காதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்னும் புதிய கட்டாயமும் சேர்ந்துள்ளது. 1936இன் கண்ணாடிக் குழல் இங்கே மீண்டும் பயன் தருகிறது.

இன்று நீர்மட்ட உணரிகள் கணினி வலையோடு இணைந்து, பல கடைகளின் தட்டுகளை ஓரிடத்திலிருந்து காட்டும் நிலை வந்துவிட்டது. அந்தப் பதிவுகளைப் படிப்போர்க்கு நீர் பல செய்திகளைச் சொல்கிறது. வழக்கத்தைவிட நீர் மிகுந்தால் கதவின் ரப்பர்ப் பட்டை கிழிந்து வெளிக்காற்று நுழைகிறது எனலாம். ஈரமான பருவத்திலும் நீர் திடீரெனக் குறைந்தால் சுருள் உறைபனியால் மூடப்பட்டிருக்கலாம் அல்லது தட்டுக்கு முன்பே குழாய் அடைத்திருக்கலாம். உறைபனி நீக்கத்துக்குப் பின் வரவேண்டிய நீர் வராவிட்டால் சூடேற்றி பழுதாகியிருக்கக்கூடும். பெட்டியின் வெப்பநிலை ஏறிப் பொருள் கெடத் தொடங்குவதற்கு முன்பே இக்குறிகளில் பல தட்டில் தோன்றிவிடுகின்றன.

பனிக்கட்டிக் கப்பலின் அடித்தளத்திலிருந்து கண்ணாடிக் குழல் சுவிட்ச் வரை நீளும் இவ்வரலாறு, கண்காணிக்கும் கருவி எவ்வளவு வளர்ந்தாலும் மூன்று அடிப்படைகள் மாறவில்லை என்பதைக் காட்டுகிறது: தட்டும் குழாயும் சாய்வாக இருக்க வேண்டும், அவை தூய்மையாக இருக்க வேண்டும், மட்டம் உயர்ந்ததாக அறிவிப்பு வந்தால் அதற்குப் பொறுப்பேற்று உடனே செயல்படும் ஒருவர் இருக்க வேண்டும். உணரி இவற்றுக்குத் துணையே அன்றி மாற்று ஆகாது. குளிர்பெட்டி வைத்து உணவு விற்கும் ஒவ்வொருவரும், பெட்டியின் வெப்பமானியைப் பார்க்கும் அதே ஒழுங்கோடு அதன் அடித்தட்டையும் பார்க்கவும், மிதவையைக் கையால் உயர்த்திச் சுவிட்ச் வேலை செய்கிறதா எனச் சோதிக்கவும், தட்டையும் குழாயையும் குறித்த நாளில் கழுவவும் வேண்டும். மக்கள் வாங்கி உண்ணும் உணவின் நலம் அந்தக் கவனத்தைப் பொறுத்திருக்கிறது.